ஊர்ப்பெயரும் கதையும் நிலமும்: குமரி மாவட்டத்தில் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே படியேறி உள்ளே சென்றுவிடுவார்கள். ஊர்ப்பெயர்களையும் வாய்மொழிக் கதைகளையும் சேர்த்துப் படிக்க விரும்புகிறவர்கள் அந்தப் படிகளின் அடியிலேயே சற்று நின்று சுற்றியுள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். கோயில் ஒரு மேட்டில் இருக்கிறது. கோதையாறும் பறளியாறும் அந்தப் பகுதியை வளைத்துக்கொண்டு ஓடி, சற்றுத் தள்ளி மூவாற்றுமுகத்தில் கூடுகின்றன. கோயில் கதை சொல்வதைக் கேளுங்கள்: கேசி என்ற அசுரனைத் திருமால் வீழ்த்தி அவன்மேல் பள்ளிகொண்டார், அசுரனின் மனைவி வேண்டியதால் இரண்டு ஆறுகள் பெருக்கெடுத்து வந்தன, நிலமகள் பெருமாள் கிடந்த இடத்தை மட்டும் உயர்த்திக் கொடுக்க, ஆறுகள் தோற்று அவரை வட்டமிட்டு ஓடின. மேடு, அதைச் சூழ்ந்த ஆறு, மழைக்காலத்து வெள்ளம் ஆகிய மூன்றும் கதைக்குள் இருக்கின்றன. மூன்றும் இன்றும் கண்ணுக்குத் தெரிகின்றன.

ஊரில் யாரைக் கேட்டாலும், ஆறு வட்டமாக ஓடுவதால் வட்டாறு என்ற பெயர் வந்தது என்பார்கள். ஆனால் நம்மாழ்வார் இந்த ஊரைப் பாடும்போது வாட்டாறு என்று முதலெழுத்தை நெடிலாகவே சொல்கிறார். ஆகவே ‘வட்டம்’ என்ற விளக்கம், பெயர் குறுகிய பிறகு மக்கள் அதற்குக் கண்ட பொருளாகவே இருக்க வேண்டும். சொல்லின் பிறப்பைப் பற்றி அந்த விளக்கம் தவறு. நிலத்தைப் பற்றி அது முற்றிலும் சரி. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டால், இந்தத் துறையின் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன். கதையை வரலாறு என்று அப்படியே நம்புகிறவரும், கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறவரும், அதில் பதிந்திருக்கும் நிலத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

சிறிய இடத்தில் தொடங்குங்கள்

முதல் வேலையாக, நடந்து சுற்றக்கூடிய அளவில் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரின் பெயரோடு நின்றுவிடாமல், அதற்குள் இருக்கும் விளைகள் என்னும் மேட்டு நிலங்கள், குளங்கள், ஏலாக்கள் என்னும் வயல்வெளிகள், பாறைகள், ஓடைகள், படித்துறைகள் ஆகியவற்றின் பெயர்களையும் எழுதுங்கள். ஊர்ப்பெயரை அரசு மாற்றும், அஞ்சல் நிலையம் திருத்தும், பெயர்ப்பலகை எழுதுகிறவர் சிதைப்பார். ஒரு பாறையின் பெயரை மாற்ற யாரும் முயல்வதில்லை. அதனால் பழைய சொற்கள் பெரும்பாலும் இந்தச் சிறு பெயர்களில்தான் தங்குகின்றன.

பெயரைக் காதில் விழுகிறபடியே முதலில் எழுத வேண்டும். எழுத்து வழக்கைப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் 1809இல் வேலுத்தம்பி தளவாயின் படையோடு மோதிய ஆங்கிலேயர் அந்த இடத்தை ‘ஆரம்போலி’ என்று எழுதினார்கள். அயலார் காதில் விழுந்த இத்தகைய சிதைந்த வடிவங்களும், அந்தக் காலத்துப் பேச்சொலிக்குச் சான்றாகப் பிற்பாடு உதவும்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்கள் இந்த மாவட்டத்தில் பெரிய செல்வம். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணையும் வரை தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் ஆட்சி மரபில் இருந்தவை. ஆகவே பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். ஆவணியில் பிறக்கும் அந்த ஆண்டோடு, ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள நாளானால் 824ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள நாளானால் 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். கொல்லம் 1076 ஐப்பசி என்றால் அது 1900. அதே ஆண்டு மாசி என்றால் 1901. பத்திரத்தில் நான்கெல்லை சொல்லும் வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். கிழக்கே இன்ன பாறை, மேற்கே இன்ன விளை என்று ஊரார் நாவிலிருந்து போய்விட்ட பெயர்கள் அங்கே கிடைக்கும்.

பெயரின் உறுப்புகளைப் பிரியுங்கள்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் வழியில், மருந்துவாழ்மலையின் அடிவாரத்தில் பொற்றையடி என்ற ஊர் இருக்கிறது. பொற்றை என்றால் குன்று. அடி என்றால் அடிவாரம். ஊர் இருக்கும் இடத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது. அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைக்கோ வேறொரு கதை உண்டு. சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிச் சென்றபோது உடைந்து விழுந்த துண்டு இது என்றும், அதனால்தான் இங்கே மூலிகைகள் வாழ்கின்றன என்றும் சொல்வார்கள். மலையின் பெயரில் மூலிகை பறிப்போரின் அறிவு இருக்கிறது, அடிவாரத்து ஊரின் பெயரில் அங்கே குடியிருப்போரின் கண் இருக்கிறது. அனுமன் கதை இரண்டுக்கும் மேலே ஒரு காவியத்தைப் போர்த்துகிறது. இந்த மூன்று அடுக்குகளையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒன்றாகக் குழைக்க வேண்டாம்.

குமரி மாவட்டத்தில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் ஈறு ‘விளை’. பனை, தென்னை, வாழை, மரச்சீனி என்று விளையும் மேட்டு நிலத்தை இங்கே விளை என்பார்கள். ஊர்ப்பெயர்களின் முடிவில் அது நூற்றுக்கணக்கில் வரும். இது அண்மைக் காலத்துச் சொல் என்று எண்ணிவிடாதீர்கள். ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் வெளியிட்ட செப்பேட்டில், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் மாற்றிப் பெற்றுக் கோயில் எடுத்த செய்தி வருகிறது; அந்த நிலத்தின் பெயர் உழக்குடிவிளை. மன்னன் அங்கே திருமால் கோயில் கட்டி, 95 மாணவர்களுக்கு ஒரு கல்விச்சாலையும் அமைத்து, இடத்துக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். அது இன்று பார்த்திவபுரம். முஞ்சிறைப் பக்கம் போகும்போது பேருந்தின் பெயர்ப்பலகைகளில் ‘விளை’ என்று முடியும் ஊர்களை எண்ணிக்கொண்டே போங்கள். செப்பேட்டில் எழுதப்பட்ட அதே சொல் 1,150 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே மண்ணில் பேச்சில் இருப்பதை நீங்களே காண்பீர்கள். எனக்கு இந்த மாவட்டத்தின் எந்தக் கோபுரத்தையும்விட இந்தச் சிறு சொல் பெரிதாகத் தோன்றுவது உண்டு.

பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள்

பெயருக்குப் பொருள் சொல்லுமுன், கிடைக்கக்கூடிய மிகப் பழைய வடிவத்தைப் பார்த்துவிட வேண்டும். திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளும், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட கன்னியாகுமரி மாவட்டக் கல்வெட்டுத் தொகுதிகளும் இதற்குப் போதுமான தொடக்கம். இப்பகுதிப் பழங்கல்வெட்டுகள் பல வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையில் இருப்பதால், அச்சிட்ட பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கல்லைப் பார்ப்பதே தொடங்குபவருக்கு ஏற்றது. கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ மாவோ பூச வேண்டாம். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்துகள் தாமாகவே எழுந்து தெரியும்.

திருப்பதிசாரம் என்ற பெயரைக் கேட்கிறவர்கள் அதைத் திருப்பதியோடு சேர்த்து விளக்கத் தொடங்கிவிடுவார்கள். பழைய பெயர் திருவண்பரிசாரம் என்று தெரிந்ததும் அந்த விளக்கம் தானே உதிர்ந்துவிடும். நம்மாழ்வாரின் தாயார் உடையநங்கை பிறந்த ஊராகப் போற்றப்படும் திவ்விய தேசம் அது.

மார்த்தாண்டத்திலிருந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் சிதறால் மலைக்கோயிலுக்கு அவசியம் ஒரு நாள் ஒதுக்குங்கள். பாறைச் சரிவில் நடைபாதை ஏறிச்சென்று முடியும் இடத்தில், பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. தலைக்கு மேல் நாகம் படமெடுத்து நிற்கும் பார்சுவநாதரும், சிங்கத்தோடும் குழந்தைகளோடும் நிற்கும் அம்பிகையும் அவற்றில் உண்டு. பின்னாளில் அது பகவதி கோயிலாகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இந்த மலையைத் திருச்சாரணத்து மலை என்கிறது. சாரணர் என்பது சமணத் துறவியரைக் குறிக்கும் சொல். அரட்டநேமி படாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்தியார் அங்கிருந்த பெண் தெய்வத்துக்குப் பொன்னணி கொடுத்ததை அந்தக் கல் சொல்கிறது. குரத்தி என்றால் ஆசிரியை, குரவரின் பெண்பால். சிதறால் என்ற இன்றைய பெயரை எத்தனை முறை உடைத்துப் பார்த்தாலும் இந்தச் செய்திகளில் ஒன்றுகூடக் கிடைக்காது. பெயர் மாறிய இடங்களில் கல்வெட்டுதான் கை கொடுக்கும்.

நாகர்கோவில் நாகராஜா கோயிலையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். புல்லறுத்த பெண்ணின் அரிவாள் பட்டுக் கல்லிலிருந்து குருதி வந்தது என்பது ஊர்க்கதை. கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான்; அங்கே எடுக்கும் மண்ணே பிரசாதம். அதே கோயில் தூண்களில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணப் பெயர்கள் வருகின்றன. நாகத்தைத் தலைமேல் கொண்ட தீர்த்தங்கரரும் புற்றில் வாழும் நாகமும் ஒரே வளாகத்தில் வணங்கப்பட்ட காலம் ஒன்று இருந்திருக்கிறது. ஊர்ப்பெயர் அவற்றுள் நாகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்துவந்திருக்கிறது.

அரசர் இட்ட பெயரும் மக்கள் சொன்ன பெயரும்

ஆட்சியாளர் சூட்டும் பெயர் நிற்குமா என்பது ஒவ்வோர் ஊரிலும் தனியாகப் பார்க்க வேண்டிய கேள்வி. திருநந்திக்கரைக் கோயிலில் முதலாம் இராசராசனின் 18ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அவன் பிறந்த சதய நாளைக் கொண்டாடுவதற்காக முட்டம் என்னும் ஊரை மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாற்றிக் கொடுத்ததைச் சொல்கிறது. மும்முடிச்சோழநல்லூரை இன்று யாருக்கும் தெரியாது. முட்டம் கலங்கரை விளக்கத்தோடும் பாறைகளோடும் முட்டமாகவே இருக்கிறது. பார்த்திவபுரத்தில் இதற்கு எதிர்மாறாக, அரசன் இட்ட பெயர் தேய்ந்தாவது நின்றுவிட்டது, விளைதான் மறைந்தது. மார்த்தாண்ட வர்மா 18ஆம் நூற்றாண்டில் கல்குளத்தைப் பத்மநாபபுரம் ஆக்கினார். கல்குளம் என்ற பெயர் தாலுகாவின் பெயராக ஒதுங்கி உயிர் பிழைத்துக்கொண்டது. மார்த்தாண்டத்தின் பழைய பெயர் தொடுவெட்டி என்பதை இன்னும் முதியவர்களிடம் கேட்கலாம். ஆகவே பட்டியல் தயாரிக்கும்போது ஊராட்சி, தாலுகா, ரயில் நிலையம், சந்தை, கோயில் ஆகியவற்றின் பெயர்களைத் தனித்தனியே எழுதுங்கள். ஓரிடத்தில் தொலைந்த பெயர் மற்றோரிடத்தில் அமர்ந்திருக்கும்.

கதை கேட்பது எப்படி

கொடை விழாக்களில் நடக்கும் வில்லுப்பாட்டு இந்த மாவட்டத்தின் நடமாடும் நிலப்படம். சுடலைமாடன், இசக்கி, முத்தாரம்மன் கதைகளில் தெய்வம் எந்த மலையிலிருந்து இறங்கி, எந்த ஆற்றைத் தாண்டி, எந்த ஊரில் நிலையம் கொண்டது என்று வழி முழுவதும் சொல்லப்படும். கதையின் நிகழ்ச்சிகளை எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள். இடங்களின் வரிசையைக் குறிப்பவர்கள் குறைவு. அந்த வரிசையை ஒரு நிலப்படத்தில் புள்ளிகளாக வைத்து இணைத்துப் பாருங்கள். பல நேரங்களில் அது பழைய வண்டிப்பாதையாகவோ, குடிகள் பெயர்ந்துவந்த வழியாகவோ இருக்கும். சிவராத்திரியில் முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடிக் கடந்து திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டமும் அப்படி ஒரு வரிசைதான். ஓடுகிறவர்கள் அழைப்பது ‘கோவிந்தா, கோபாலா’ என்று; போவது சிவன் கோயிலுக்கு.

வேளிமலை குமாரகோவிலில் வள்ளி திருக்கல்யாணத்தின்போது நடக்கும் குறவர் படுகளத்தையும் பார்க்க வேண்டும். வள்ளியைக் கொண்டுபோகும் முருகனை மலைக்குறவர் மறித்துப் போரிட்டுத் தோற்கிறார்கள். மலையும் மலைக்குடியும் பெண் கொடுத்த வீடு என்ற உரிமை, அங்கே ஆண்டுதோறும் எல்லார் கண்முன்னும் சொல்லப்படுகிறது.

ஒரே கதையைக் குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும், ஒருவராவது அந்தக் கோயிலோடு தொடர்பில்லாதவராகவும் இருக்கட்டும். ‘இது உண்மையா?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் நடந்தது, காட்ட முடியுமா?’ என்று கேளுங்கள். காட்டுவதற்காக எழுந்து நடக்கும்போதுதான் கதை திறக்கும். கடற்கரை ஊர்களில் கேள்வி கடலுக்குள்ளும் போக வேண்டும். கரையில் தெரியும் மலையையும் கோபுரத்தையும் நேர்பிடித்தே மீனவர்கள் பார்கள் என்னும் கடலடிப் பாறைத் திட்டுகளின் இடத்தை அறிந்தார்கள்; அந்தப் பார்களுக்கும் பெயர் உண்டு, அவை எந்த வருவாய்ப் பதிவேட்டிலும் இல்லை.

மணலை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள்

கன்னியாகுமரிக் கரையில் ஒரு பிடி மணலை எடுத்து வெயிலில் பாருங்கள். சிவப்பும் கறுப்பும் வெளிர்நிறமுமாகக் கலந்து இருக்கும். சுசீந்திரத்து இறைவன் குமரியை மணக்க நள்ளிரவில் புறப்பட்டார். நாரதர் சேவலாகக் கூவ, பொழுது விடிந்துவிட்டது என்று திரும்பிவிட்டார். திருமணத்துக்குச் சேர்த்த அரிசியும் பருப்பும் சமைக்கப்படாமல் மணலாகிப்போயின என்பது கதை. மணலியல் படித்தவர் சிவப்பு கார்னெட் என்றும், கறுப்பு இல்மனைட் என்றும் சொல்வார். மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சிதைந்து, ஆறுகள் கொண்டுவந்ததைக் கடல் அலசிப் பிரித்த கனிமங்கள் அவை. இரண்டு விளக்கங்களும் ஒரே பிடி மணலை அத்தனை கூர்மையாகப் பார்த்ததால் பிறந்தவை. அந்தக் கதைக்கு ஆண்டு கிடையாது. குமரித் தெய்வத்துக்கு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளுஸ், இந்த முனையைக் குமரி என்றே சொல்லி, ஒரு பெண் தெய்வம் இங்கே நீராடியதாக நம்பி ஆண்களும் பெண்களும் வந்து நீராடி நோன்பிருப்பதைக் குறிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பெயரும் தெய்வமும் நீராடலும் இடம் மாறவில்லை.

கைவிட வேண்டிய ஆசைகள்

தொடங்கிய காலத்தில் நான் புத்தேரி, புத்தன் அணை, புத்தன்துறை என்று ஒரு பட்டியல் எழுதி, பௌத்தம் இருந்த இடங்கள் என்று தலைப்பும் இட்டிருந்தேன். அதைப் பார்த்த வயதான விவசாயி ஒருவர், ‘புத்தன்னா இங்க புதுசுன்னு அர்த்தம் மக்கா’ என்றார். புது ஆடை புத்தாடை ஆவதுபோலப் புது ஏரி புத்தேரி ஆகும் என்பது பள்ளியில் படித்த இலக்கணம்தான். ஆசை அதை மறைத்துவிட்டது. மலையாள வழக்கும் கலந்த இந்த மாவட்டத்தில், ஒரு பெயருக்குப் பெருமையான பொருள் தேடுமுன் எளிய பொருளைக் கேட்டுவிடுங்கள். பேச்சு வழக்கில் குளம் என்று சொல்லும் மக்கள், ஏரி என்ற சொல்லை ஓர் ஊர்ப்பெயரில் வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கதுதான். அழகியபாண்டியபுரத்துப் பக்கத்தில் இருக்கும் குறத்தியறையைச் சிதறால் கல்வெட்டின் குரத்தியரோடு சேர்க்கவும் மனம் இழுக்கும். ஒன்றில் வல்லின றகரம், மற்றதில் இடையின ரகரம். பழைய எழுத்துச் சான்று கையில் வரும்வரை இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் வையுங்கள்.

குமரிக்கண்டம் பற்றிய ஆசை எல்லாவற்றிலும் பெரிது. பஃறுளியாற்றையும் குமரிக்கோடு என்னும் மலையையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அது தமிழர் நினைவில் உள்ள செய்தி, மதிக்க வேண்டியது. லெமூரியா என்ற பெயர், லெமூர் விலங்குகள் மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் எப்படிப் பரவின என்பதை விளக்க 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் முன்வைத்த ஊகம். கண்டத்தட்டுகளின் நகர்வு விளங்கிய பிறகு அந்த ஊகத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று. இரண்டையும் ஒன்றாக்கினால் நம் இலக்கியத்துக்குத்தான் இழப்பு. கரையைக் கடல் கொள்வது என்றால் என்ன என்பதை, 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் உறவுகளை இழந்தவர்கள் அறிவார்கள். அவர்களிடம் கதை கேட்கப் போகிறவர், அது கதை அல்ல என்பதை நினைவில் கொண்டு போக வேண்டும்.

குறிப்பேட்டில் ஒரு பக்கம்

நாஞ்சில் நாட்டில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். பக்கத்தின் மேலே பெயர்: நாஞ்சில். சொற்பொருள்: கலப்பை. நிலம்: தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்களின் நெல்வயல்கள். பழைய எழுத்துச் சான்று: நாஞ்சில் வள்ளுவனைப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள். அவற்றில் 140ஆம் பாட்டு ஔவையாருடையது. பறித்த கீரையோடு சமைக்கச் சிறிது அரிசி கேட்டதற்கு அவன் யானையைக் கொடுத்துவிட்டான் என்கிறது. பலாமரம் நிற்கும் நாஞ்சில் என்று அவர் சொல்லும் பலா, இன்றும் அதே மலையடிவாரத்து வீட்டு முற்றங்களில் நிற்கிறது. வாய்மொழி: முப்பந்தல் என்ற பெயருக்கு, மூவேந்தரும் ஔவையார் முன் கூடிய மூன்று பந்தல்கள் என்று சொல்லப்படும் விளக்கம். வழிபாடு: ஔவையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூடிக் கொழுக்கட்டை படைப்பது. ஒவ்வொன்றின் அருகிலும் யார் சொன்னார், என்று சொன்னார், எந்த இடத்தில் நின்று சொன்னார் என்று எழுதுங்கள். சொன்னவர் விரும்பாவிட்டால் பெயரை எழுத வேண்டாம். ஊரும் வயதும் போதும்.

வீடுகளில் நடக்கும் ஔவையார் நோன்பு வேறு. ‘தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி’ என்று செவ்வாய்க்கிழமை இரவுகளில் பெண்கள் மட்டும் கூடி, உப்பில்லாக் கொழுக்கட்டை அவித்து நடத்தும் அந்த நோன்பை ஆண்கள் பார்ப்பதில்லை; கதையைக் கேட்பதும் இல்லை. ஆண்கள் அந்த இடத்தில் குறிப்பேட்டில் ஒரு வெற்றுக் கட்டத்தை விட்டுவிட வேண்டும். பெண்கள் போனால், முதல் ஆண்டு எழுதாமல் கூட உட்கார்ந்து மாவு பிசைந்துவிட்டு வாருங்கள்; கதையை எழுதிக்கொள்ளலாமா என்பதை அடுத்த ஆண்டு மூத்த பெண்களிடம் கேட்கலாம்.